த்ராம்பின் சேர்த்தும் தட்டணுவில் தனி அராக்கிடோனிக் அமிலம் ஏறவில்லை: எங்கே போகிறது?

காட்பாடி மாணவன்

வணக்கம். மனிதத் தட்டணுக்கள் (ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்டுகள்) தூண்டப்படும்போது சவ்விலிருந்து எந்தக் கொழுப்பு அமிலம், எவ்வளவு, எத்தனை நொடிக்குள் கழன்று வருகிறது என்று அளக்க வேண்டும். செய்முறையை அப்படியே எழுதுகிறேன், தவறு எங்கே என்று சொல்லுங்கள்.

3.2 சதவீத சிட்ரேட் குழாயில் ரத்தம். 200 ஜி-யில் 15 நிமிடம் சுழற்றி, மேலே நிற்கும் தட்டணுப் பிளாஸ்மாவை எடுக்கிறேன். அதை 1000 ஜி-யில் 10 நிமிடம் சுழற்றி, அடியில் படிந்ததை டைரோட் பஃபரில் (பி.எச். 7.4, கால்சியம் இல்லாமல்) கலக்கிறேன். எண்ணிக்கை மில்லிக்கு 20 கோடி. ஒரு குவெட்டுக்கு அரை மில்லி, 37 டிகிரி, நிமிடத்துக்கு 1000 சுற்று, மில்லிக்கு 1 யூனிட் த்ராம்பின் (தட்டணுவைத் தூண்டும் நொதி), 5 நிமிடம். பிறகு குளோரோஃபார்ம்–மெத்தனால் ஊற்றி நிறுத்தி, பிளை–டயர் முறையில் பிரித்து, சிலிக்கா தட்டில் ஓடவிட்டு, அயோடின் ஆவியில் பட்டையைப் பார்த்துச் சுரண்டி, போரான் டிரைஃப்ளூரைடு–மெத்தனாலில் எஸ்டராக்கி, வாயு குரோமட்டோகிராஃபில் போடுகிறேன். 17 கார்பன் ஸ்டாண்டர்டை ஊசி போடுவதற்கு முன் சேர்க்கிறேன்.

திரட்சி வரைபடம் நன்றாக வருகிறது. ஆனால் த்ராம்பின் போட்ட குழாய்க்கும் போடாத குழாய்க்கும் அராக்கிடோனிக் அமிலத்தில் வித்தியாசமே இல்லை. பால்மிட்டிக், ஸ்டியரிக் இரண்டும் எல்லாக் குழாயிலும், வெறும் பஃபரில்கூட, மலைபோல் நிற்கின்றன. உண்மையிலேயே இவ்வளவு குறைவாகத்தான் விடுபடுகிறதா? கழுவும் வேலையை விட்டுவிட்டு நேராகப் பிளாஸ்மாவிலேயே செய்யலாமா?

பாலாற்றங்கரை

குறைவாக விடுபடவில்லை. விடுபட்டது உங்கள் கண்ணில் படுவதற்குள் வேறொன்றாகிவிடுகிறது. பங்குனியில் பாலாற்றுப் பாலத்தின் மேல் நின்று பார்த்தால் வெறும் மணல்தான் தெரியும். மணலுக்கு அடியில் நீர் ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் 5-வது நிமிடத்தில் தனி அராக்கிடோனிக் அமிலத்தை மட்டும் பார்ப்பதும் அப்படித்தான்.

நடப்பது இது. த்ராம்பின் பார்-1, பார்-4 ஏற்பிகளைத் தட்டுகிறது, செல்லுக்குள் கால்சியம் ஏறுகிறது, சைட்டோசோலிக் பாஸ்ஃபோலைப்பேஸ் ஏ2 சவ்வில் போய் ஒட்டி, பாஸ்ஃபோலிப்பிடின் இரண்டாம் இடத்தில் உள்ள அராக்கிடோனிக் அமிலத்தை வெட்டுகிறது. வெட்டிய அமிலத்துக்கு மூன்று வாய்கள் காத்திருக்கின்றன. ஒன்று காக்ஸ்-1 (சைக்ளோஆக்சிஜனேஸ்-1). அது வழியாகத் த்ராம்பாக்சேன் ஏ2 வரும், கூடவே ஏறக்குறைய அதே அளவு எச்.எச்.டி. என்ற 17 கார்பன் பொருளும் மலோண்டைஆல்டிஹைடும் வரும். இரண்டாவது 12-லைப்பாக்சிஜனேஸ், அது தருவது 12-ஹெட்டி. மூன்றாவது வாயைத்தான் பலர் மறக்கிறார்கள்: அசைல் கோ-ஏ சிந்தட்டேஸும் அசைல்டிரான்ஸ்ஃபரேஸும் சேர்ந்து அமிலத்தைத் திரும்பவும் சவ்விலேயே கோத்துவிடுகின்றன. தட்டணுவின் எத்தனோலமீன் பிளாஸ்மலோஜனும் தூண்டலுக்குப் பிறகு மற்ற பாஸ்ஃபோலிப்பிடுகளிலிருந்து அராக்கிடோனேட்டை வாங்கிக்கொள்ளும். ஆக 5-வது நிமிடத்தில் தனியாக மிஞ்சுவது எச்சில் மட்டுமே.

அளவை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். ஆரோக்கியமானவரின் ரத்தத்தை வெறும் கண்ணாடிக் குழாயில் 37 டிகிரியில் ஒரு மணி நேரம் உறையவிட்டால், சீரத்தில் த்ராம்பாக்சேன் பி2 (ஏ2 சிதைந்து நிலைத்து நிற்கும் வடிவம்) மில்லிக்கு 300 நானோகிராம் வாக்கில் இருக்கும். மூலக்கூறு எடை 370. அதாவது 0.8 நானோமோல். அந்த ஒரு மில்லியில் 25 கோடித் தட்டணு என்று வைத்தால், 100 கோடிக்கு 3.2 நானோமோல். எச்.எச்.டி.-யையும் சேர்த்தால் காக்ஸ் வழியில் மட்டும் 6 நானோமோலுக்கு மேல், 12-ஹெட்டி தனி. உங்கள் குவெட்டில் இருப்பது 10 கோடித் தட்டணு. காக்ஸ் வழியில் போனது முழுவதும் அமிலமாகவே நின்றிருந்தாலும் சுமார் 200 நானோகிராம்தான். கரைப்பானும் பிளாஸ்டிக்கும் தரும் பால்மிட்டிக் அதைவிடப் பல மடங்கு இருக்கும். ஃப்ளேம் டிடெக்டர் வைத்த கருவியில் செய்வதென்றால் ஒரு குழாய்க்கு 100 கோடித் தட்டணுவாவது எடுங்கள்.

இனி இரண்டு வழி. ஆற்றை அடைப்பது ஒன்று, எல்லா வாய்க்காலையும் அளந்து கூட்டுவது மற்றொன்று.

அடைப்பதென்றால் காக்ஸையும் லைப்பாக்சிஜனேஸையும் சேர்த்தே அடைக்க வேண்டும். ஆஸ்பிரின் மட்டும் போட்டால் அமிலம் 12-ஹெட்டி பக்கம் திரும்பிவிடும், தனி அமிலம் சொற்பமே ஏறும். பழைய ஆய்வுகளில் பி.டபிள்யூ.755சி என்ற இரட்டைத் தடுப்பான்தான் வழக்கம், 100 மைக்ரோமோலார் வாக்கில். கிடைக்காவிட்டால் ஆஸ்பிரின் 100 மைக்ரோமோலார், 37 டிகிரியில் 30 நிமிடம். அது காக்ஸ்-1-இன் 529-வது செரீனில் அசிட்டைல் ஒட்ட நேரம் வேண்டும், இரண்டு நிமிட ஆஸ்பிரின் வேலைக்கு ஆகாது. அதனுடன் பைக்காலெயின் மாதிரி 12-லைப்பாக்சிஜனேஸ் தடுப்பான். அளவைக் காகிதத்திலிருந்து எடுக்காதீர்கள். த்ராம்பாக்சேன் பி2-வும் 12-ஹெட்டியும் கட்டுப்பாட்டுக் குழாயில் இருப்பதில் 5 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்வரை படிப்படியாக ஏற்றி, உங்கள் தட்டணுவில் நீங்களே நிர்ணயியுங்கள். இ.டி.ஒய்.ஏ. வேண்டாம். அதுவே அராக்கிடோனிக் அமிலத்தின் சாயல் கொண்ட கொழுப்பு அமிலம். கோர்க்கும் நொதிகளையும் குழப்பும், குரோமட்டோகிராமிலும் வந்து நிற்கும்.

மூன்றாம் வாய்க்குக் கொழுப்பு அமிலம் நீக்கிய மாட்டு ஆல்புமின் 0.1 சதவீதம் போதும். வெளியே வந்த அமிலத்தைப் பிடித்துவைக்கும். லேபிளில் “கொழுப்பு அமிலம் நீக்கியது” என்று இல்லாத ஆல்புமின் ஒவ்வொரு மூலக்கூறிலும் கொழுப்பு அமிலத்தைச் சுமந்துகொண்டுதான் வரும். அதைச் சேர்த்தால் நீங்கள் அளப்பது மாட்டின் கொழுப்பை. ஆல்புமின் தடுப்பான்களையும் கட்டிப்போடும் என்பதால், அளவு நிர்ணயத்தை ஆல்புமின் இருக்கும்போதே செய்யுங்கள்.

அடைப்பதில் ஒரு விலை உண்டு. த்ராம்பாக்சேன் ஏ2 திரும்ப வந்து தட்டணுவைத் தூண்டும் சுற்றும் அறுந்துபோகும். மில்லிக்கு 1 யூனிட் த்ராம்பினுக்கு அது பெரிய விஷயமில்லை. குறைந்த அளவு கொலாஜனுக்கு அது உயிர்நாடி, அங்கே அடைத்துவிட்டு “விடுபடுதல் குறைந்தது” என்று எழுதக் கூடாது.

நேரம்: 0, 15, 30 நொடி, 1, 2, 5 நிமிடம். முதல் நிமிடத்தில்தான் கதை. குவெட்டுக்குக் கால்சியம் குளோரைடு 1 முதல் 2 மில்லிமோலார் சேருங்கள். கால்சியம் இல்லாத பஃபரில் உள்சேமிப்பு மட்டும்தான் வெளிவரும், வெட்டும் நொதிக்கு அது அரைகுறைத் தூண்டல்.

அப்புறம், கட்டாயம் ஒரு குழாயில் கால்சியம் அயனோஃபோர் ஏ23187, 1 மைக்ரோமோலார். அது ஏற்பிகளைத் தாண்டி நேராகக் கால்சியத்தை உள்ளே விடும். அயனோஃபோரிலும் அமிலம் தெரியவில்லை என்றால் கோளாறு அளவீட்டில். அயனோஃபோரில் தெரிந்து த்ராம்பினில் தெரியவில்லை என்றால் கோளாறு தட்டணுவில் அல்லது த்ராம்பினில். த்ராம்பின் நீர்த்த நிலையில் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். மில்லிக்கு 100 யூனிட்டாகச் சிறு பங்குகள் பிரித்து மைனஸ் 80-இல் வைத்து, ஒருமுறை உருக்கியதைத் திரும்ப உறையவைக்காமல் பயன்படுத்துங்கள்.

ஆற்காடு லிப்பிட்

மேலே சொன்னது முழுக்கச் சரி. நான் நிறுத்துவதிலிருந்து அளப்பதுவரை உள்ள ஓட்டைகளை மட்டும் சொல்கிறேன். உங்கள் செய்முறையில் அயோடின் என்ற சொல்லைப் பார்த்ததுமே பாதி விடை தெரிந்துவிட்டது.

அயோடின் ஆவி இரட்டைப் பிணைப்பில் போய் ஏறும். பால்மிட்டிக், ஸ்டியரிக் இரண்டுக்கும் இரட்டைப் பிணைப்பு இல்லை, அவை தப்பிவிடும். நான்கு இரட்டைப் பிணைப்புள்ள அராக்கிடோனிக்தான் அடிவாங்கும். அளக்க வேண்டிய பொருளை மட்டும் தேர்ந்தெடுத்து அழிக்கும் முறை இது. ஓரத்தில் ஓட்டிய ஸ்டாண்டர்டுக்கு மட்டும் அயோடின் காட்டி, மாதிரி ஓடிய இடத்தைக் கண்ணாடித் துண்டால் மூடிவையுங்கள். அல்லது டைகுளோரோஃப்ளூரசீன், பிரிமுலின் இரண்டில் ஒன்றைத் தெளித்து புற ஊதா விளக்கில் பாருங்கள். ஹெக்சேன், டைஎத்தில் ஈதர், அசிட்டிக் அமிலம் 70:30:1-இல் பாஸ்ஃபோலிப்பிடு தொடங்கிய இடத்திலேயே நிற்கும், தனிக் கொழுப்பு அமிலம் நடுவில் வரும், கொலஸ்ட்ரால் எஸ்டர் உச்சிக்குப் போகும். 12-ஹெட்டி தனி அமிலத்துக்கு வெகு கீழே நிற்பதால், அமிலப் பட்டையை மட்டும் சுரண்டும்போது அது உங்கள் கையிலேயே வருவதில்லை என்பதையும் கவனியுங்கள்.

17 கார்பன் ஸ்டாண்டர்டை ஊசிக்கு முன் சேர்ப்பதில் பயனில்லை. வழியில் எவ்வளவு தொலைந்தது என்று அது சொல்லாது. நிறுத்தும் கரைப்பானிலேயே அது இருக்க வேண்டும்.

பிளை–டயர் விகிதம்: ஒரு மில்லி மாதிரிக்கு குளோரோஃபார்ம்–மெத்தனால் 1:2 கலவை 3.75 மில்லி, கலக்கி, குளோரோஃபார்ம் 1.25, கலக்கி, தண்ணீர் 1.25, கலக்கிச் சுழற்றி, கீழ் அடுக்கு. நம்மூர் வெயிலில் குளோரோஃபார்ம் பிப்பெட் முனையிலிருந்து தானே சொட்டும், திறந்த பாட்டிலிலிருந்து ஆவியாகும், 1:2 கலவை மதியத்துக்குள் 1:2 ஆக இருக்காது. கலவையை அன்றன்று செய்து, பிப்பெட் முனையை இரண்டு முறை நனைத்துவிட்டு எடுங்கள், கண்ணாடி சிரிஞ்ச் இன்னும் நல்லது. ஃபார்மிக் அமிலத்தால் பி.எச். 3 முதல் 3.5 வரை இறக்குங்கள். நடுநிலை பி.எச்.-இல் கொழுப்பு அமிலம் அயனியாக நின்று ஒரு பகுதி மேல் அடுக்கிலேயே தங்கிவிடும். அதற்கும் கீழே இறக்கினால் பிளாஸ்மலோஜனின் வினைல் ஈதர் உடைந்து போலி லைசோபாஸ்ஃபோலிப்பிடு வரும். தட்டணுவின் எத்தனோலமீன் பாஸ்ஃபோலிப்பிடில் பிளாஸ்மலோஜன் நிறைய என்பதால் இது சின்ன விஷயமல்ல. லைசோ வகைகளையும் அளக்கப்போகிறீர்கள் என்றால் அதற்குத் தனிக் குழாய் வைத்து, வலுவான அமிலம் படாமல் எடுங்கள்.

கரைப்பானில் பி.எச்.டி. (பியூட்டிலேட்டட் ஹைட்ராக்சிடொலுவீன், ஆக்சிஜனேற்றத் தடுப்பான்) 0.005 சதவீதம். உலர்த்துவது நைட்ரஜனில், 35 டிகிரிக்கு மேல் போகாமல். மின்விசிறிக் காற்றில் உலர்த்தினால் அராக்கிடோனிக் அமிலம் ஆக்சிஜனோடு தானே சேரும், 12-ஹெட்டிக்குப் பக்கத்தில் வேறு ஹெட்டிகள் முளைக்கும். 5, 8, 9, 11, 15 எல்லாம் ஒரே உயரத்தில் வரிசையாகத் தெரிந்தால் அது நொதியின் வேலை அல்ல, உங்கள் உலர்த்தலின் வேலை.

பால்மிட்டிக் மலைக்கு மருந்து: தட்டணு உயிரோடு இருக்கும்வரை பாலிபுரோப்பிலீன், கரைப்பான் தொட்ட நொடியிலிருந்து கண்ணாடி. சாதாரணக் கண்ணாடி தட்டணுவைத் தூண்டும், குளோரோஃபார்ம் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். டெஃப்ளான் உறையிட்ட மூடி, கரைப்பானில் அலசிய பாஸ்டர் பிப்பெட், தட்டைத் தொடும் கையில் உறை. சிலிக்கா தட்டையே முதலில் குளோரோஃபார்ம்–மெத்தனாலில் ஒருமுறை வெறுமனே ஓடவிட்டு, உலர்த்திப் பயன்படுத்துங்கள். எல்லாம் செய்தாலும் பால்மிட்டிக் பூஜ்யமாகாது. ஒவ்வொரு நாளும் மூன்று வெற்றுக் குழாய் வைத்துக் கழியுங்கள். வெற்றுக்கும் மாதிரிக்கும் வித்தியாசம் வெற்றின் ஏற்ற இறக்கத்தைவிடச் சிறியதென்றால் பால்மிட்டிக் பற்றி எதுவும் எழுத வேண்டாம்.

போரான் டிரைஃப்ளூரைடு தனி அமிலத்தை மட்டும் எஸ்டராக்கும் என்று நினைத்துவிடாதீர்கள், சூடாக்கினால் பாஸ்ஃபோலிப்பிடையும் மாற்றும். பட்டையைச் சுரண்டும்போது தொடக்கப் புள்ளியிலிருந்து ஒரு துளி சேர்ந்தால் போதும், எல்லாக் குழாயிலும் ஒரே அளவு அராக்கிடோனேட் தெரியும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இதுவும் நடந்திருக்கலாம்.

மாஸ் ஸ்பெக் கைக்கு எட்டுமென்றால் தட்டையும் எஸ்டரையும் விட்டுவிடுங்கள். 10 கோடித் தட்டணு தாராளம். ஐஸில் வைத்த மெத்தனாலில் டியூட்டீரியம் ஸ்டாண்டர்டுகளைப் போட்டு நிறுத்தி, புரதத்தைச் சுழற்றி எடுத்துவிட்டு, சி18 நிரலில், எதிர்மின் முறையில் (தாய் அயனியின் எண்ணிலிருந்து துண்டின் எண்): அராக்கிடோனிக் 303-இலிருந்து 259, அதன் டி8 (எட்டு டியூட்டீரியம் கொண்ட) ஸ்டாண்டர்டு 311-இலிருந்து 267, 12-ஹெட்டி 319-இலிருந்து 179, த்ராம்பாக்சேன் பி2 369-இலிருந்து 169, எச்.எச்.டி. 279-இலிருந்து 179. லினோலியிக் அமிலத்தின் தாய் அயனியும் 279 தான். துண்டும் நிரலில் வரும் நேரமும் வேறு என்பதால் பிரிக்கலாம், ஆனால் தாய் அயனியை மட்டும் பார்த்து எச்.எச்.டி. என்று எழுதுவது பெரும் பிழையாகும்.

கடைசியில் கூட்டல்: தனி அராக்கிடோனிக் + 12-ஹெட்டி + த்ராம்பாக்சேன் பி2 + எச்.எச்.டி., நான்கையும் நானோமோலில். நானோகிராமில் கூட்டக் கூடாது. இந்தக் கூட்டுத்தொகைதான் “விடுபட்டது” என்று நாம் சொல்லக்கூடியது. அதுவும் திரும்பக் கோக்கப்பட்டது போக மீதி.

சேண்பாக்கம் அக்கா

தம்பி, பிளாஸ்மாவிலேயே செய்யலாமா என்று கேட்டிருந்தாய். கூடாது. பிளாஸ்மாவில் ஆல்புமினோடு ஒட்டிய கொழுப்பு அமிலம் நூற்றுக்கணக்கான மைக்ரோமோலார் இருக்கும், உன் தட்டணு விடுவது அந்த வெள்ளத்தில் ஒரு துளி. த்ராம்பின் போட்டால் ஃபைப்ரினோஜன் உறைந்து கட்டியும் ஆகிவிடும். ட்ராப்-6 பெப்டைடு போட்டு உறைவைத் தவிர்க்கலாம், ஆனால் அது பார்-1-ஐ மட்டும் தட்டும், த்ராம்பின் போட்டதோடு ஒப்பிட முடியாது. சிட்ரேட் பிளாஸ்மாவில் இன்னொரு மாயமும் உண்டு. கால்சியம் குறைந்த அந்தச் சூழலில் ஏ.டி.பி. (தட்டணுவைத் தூண்டும் இன்னொரு பொருள்) போட்டாலே த்ராம்பாக்சேன் வரும், திரட்சியின் இரண்டாம் அலை எழும். கால்சியம் இயல்பாக உள்ள பஃபரில் அதே மனிதரின் தட்டணுவுக்கு ஏ.டி.பி. போட்டால் வராது.

கழுவும் முறையில்தான் உனக்குப் பெரிய கோளாறு. பி.எச். 7.4-இல், தடுப்பான் எதுவும் இல்லாமல் 1000 ஜி-யில் அமுக்கினால் தட்டணு அங்கேயே தூண்டப்பட்டுவிடும். விட வேண்டியதைக் கொஞ்சம் அப்போதே விட்டுவிடும், “தூண்டாத” குழாய் தூண்டிய குழாய் மாதிரியே தெரியும். இப்படிச் செய்: ரத்தம் 6 பங்குக்கு ஏ.சி.டி. 1 பங்கு (டிரைசோடியம் சிட்ரேட் 85, சிட்ரிக் அமிலம் 71, குளுக்கோஸ் 111 மில்லிமோலார்). 21 கேஜ் ஊசி அல்லது அதைவிடப் பெரியது, கட்டு போட்டால் ரத்தம் வந்ததும் தளர்த்திவிடு, முதல் 2, 3 மில்லியை வேறு பரிசோதனைக்குக் கொடு. 200 ஜி, 15 நிமிடம், பிரேக் போடாமல். மேலே உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் எடு, வெள்ளை அடுக்குக்கு அருகே போகாதே. வெள்ளணு கலந்தால் 5-லைப்பாக்சிஜனேஸின் பொருள்களும் வரும், தட்டணு செய்த 12-ஹெட்டியை நியூட்ரோஃபில் வேறாக மாற்றியும் விடும். எடுத்ததை அமிலமாக்கி பி.எச். 6.5, ப்ராஸ்டாகிளாண்டின் இ1 ஒரு மைக்ரோமோலார், அப்பிரேஸ் மில்லிக்கு 0.02 யூனிட் (இரண்டும் தூண்டலைத் தடுப்பவை), பிறகு 800 முதல் 1000 ஜி, 10 நிமிடம். அகன்ற வாய்ப் பிப்பெட்டில் மெதுவாகக் கலக்கு, நுரை வரக் கூடாது. டைரோடில் கலந்தபின் 37 டிகிரியில் 30 நிமிடம் ஓய்வு கொடு, தடுப்பானின் பிடி விடும்.

அறை வெப்பநிலை என்று புத்தகம் சொல்வது 20 முதல் 24 டிகிரி. வேலூரில் சித்திரை வெயில் 40-ஐத் தாண்டும்போது ஏ.சி. அணைந்த அறை 33, 34-க்குப் போய்விடும். அதற்குப் பயந்து ஃபிரிட்ஜில் வைத்தால் இன்னும் மோசம், குளிரில் தட்டணு வட்டு வடிவத்தை இழந்து தானே தூண்டப்படும். ஆம்பூரிலிருந்தோ குடியாத்தத்திலிருந்தோ மாதிரி வருவதென்றால், 22 டிகிரியில் வைத்தெடுத்த ஜெல் பையோடு தெர்மாகோல் பெட்டி, ஐஸ் இல்லாமல், குலுங்காமல். எடுத்ததிலிருந்து 4 மணி நேரத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும். முடிந்தால் கொடையாளரையே உன் இடத்துக்கு வரவழை.

கொடையாளரிடம் “ஆஸ்பிரின் சாப்பிட்டீர்களா” என்று கேட்டால் இல்லை என்பார், பொய் சொல்லவும் மாட்டார். மெடிக்கலில் உடம்பு வலிக்குக் கொடுக்கும் கலவை மாத்திரையில் டைக்ளோஃபெனாக்கோ அசெக்ளோஃபெனாக்கோ ஐபுப்ரோஃபெனோ இருக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? பெண்கள் மாதவிடாய் வலிக்குப் போடும் மெஃபெனமிக் அமிலமும் இதே குடும்பம். “தலைவலி, பல்வலி, மூட்டுவலி, வயிற்றுவலி எதற்காவது பத்து நாளுக்குள் மாத்திரை போட்டீர்களா, அட்டை இருந்தால் காட்டுங்கள்” என்று கேள். ஆஸ்பிரின் ஒட்டிய தட்டணு சாகும்வரை மீளாது, அதனால்தான் பத்து நாள். மற்றவை சில நாளில் விலகிவிடும். மீன் எண்ணெய் கேப்சூலையும் கேள், அது அராக்கிடோனேட்டின் இடத்தில் வேறு அமிலத்தை உட்காரவைக்கும். காலை வெறும் வயிற்றில் எடு. முந்தைய இரவு பிரியாணி விருந்து முடித்து வந்தவரின் பிளாஸ்மா பால்போல் கலங்கியிருந்தால், கழுவினாலும் கொழுப்புத் துளி ஒட்டிக்கொண்டு வரும்.

சந்தேகம் தீர எளிய வழி, அதே ஆளின் ரத்தத்தில் இரண்டு மில்லியைச் சாதாரணக் கண்ணாடிக் குழாயில் ஒரு மணி நேரம் 37 டிகிரியில் உறையவிட்டு சீரத் த்ராம்பாக்சேன் பி2 பார். நூற்றுக்கணக்கில் இருக்க வேண்டியது மில்லிக்கு 10 நானோகிராமுக்குக் கீழே நின்றால் ஆஸ்பிரின் உள்ளே இருக்கிறது, அந்த மாதிரியைக் கணக்கில் சேர்க்காதே.

காட்பாடி மாணவன்

மூவருக்கும் நன்றி. அயோடினையும் கழுவும் முறையையும் இன்றே மாற்றுகிறேன். அக்கா, அந்த அமிலமாக்கும் படியை நான் விட்டது பெரிய தவறு என்று இப்போது புரிகிறது. இரண்டு சந்தேகம். ஒன்று, பாஸ்ஃபாடிடில்இனோசிட்டால் (சவ்விலுள்ள ஒரு பாஸ்ஃபோலிப்பிடு) ஒரு நிமிடத்துக்குள் பாதியளவு குறைகிறது என்று படித்தேன். அந்தக் குறைவையே விடுபட்ட அராக்கிடோனேட்டாக எடுத்துக்கொள்ளலாமா? இரண்டு, திரட்சிக் கருவியில் அராக்கிடோனிக் அமிலத்தையே தூண்டியாகப் போட்டால் எதைக் கண்டுபிடிக்கலாம்?

பாலாற்றங்கரை

முதல் கேள்வி நல்ல கேள்வி. எடுத்துக்கொள்ளக் கூடாது.

இனோசிட்டால் லிப்பிடு குறைவதற்குப் பெரிய காரணம் பாஸ்ஃபோலைப்பேஸ் சி. அது தலையை வெட்டி டைஅசைல்கிளிசராலை விடுகிறது, 15 நொடியிலேயே உச்சம் தொடும். அந்தக் கிளிசராலின் முதுகில் ஸ்டியரிக்கும் அராக்கிடோனிக்கும் அப்படியே இருக்கின்றன. அதில் பெரும் பகுதி பாஸ்ஃபேட் ஏறி பாஸ்ஃபாட்டிடிக் அமிலமாகிறது, அதிலிருந்து திரும்ப இனோசிட்டால் லிப்பிடாகிறது. அமிலம் ஒரு சொட்டும் கழலாமலே இந்தச் சக்கரம் சுற்றலாம். ஒரு சிறு பகுதியை டைகிளிசரைடு லைப்பேஸ் வெட்டும். முதலில் ஸ்டியரிக், பிறகு அராக்கிடோனிக். த்ராம்பின் குழாயில் ஸ்டியரிக் அமிலம் வெற்றைக் கழித்த பிறகும் லேசாக ஏறினால், அது இந்த வழியின் தடம்.

1970-களின் இறுதியில் இந்த இரண்டு வழிகளில் எது முக்கியம் என்று பெரிய வாதம் நடந்தது. 1977-இல் பில்ஸ், ஸ்மித், சில்வர் மூவரும் பல கதிரியக்கக் கொழுப்பு அமிலங்களைத் தட்டணுவில் ஏற்றி, த்ராம்பின் அராக்கிடோனிக்கை மட்டுமே தேர்ந்தெடுத்து விடுவிக்கிறது என்று காட்டினார்கள். 1979-இல் டைகிளிசரைடு லைப்பேஸ் வழி வெளிவந்தது. இன்று சைட்டோசோலிக் பாஸ்ஃபோலைப்பேஸ் ஏ2 ஆல்ஃபாதான் பெரும்பங்கு என்பதில் ஐயமில்லை. அந்த ஒரு மரபணு பழுதான மனிதர்களின் தட்டணுவில் த்ராம்பாக்சேனும் 12-ஹெட்டியும் மிகக் குறைந்துவிடுகின்றன. 2008-இல் வந்த அந்த நோயாளி ஆய்வுதான் இந்த வாதத்துக்குக் கிடைத்த மிகத் தெளிவான சாட்சி என்பது என் கருத்து. அவருக்குச் சிறுகுடல் புண்ணும் இருந்தது. ஆஸ்பிரின் குடும்பத்து மாத்திரைகள் குடலைப் புண்ணாக்குவதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

உங்கள் ஆய்வில் இரண்டையும் பிரிக்க விரும்பினால் பைரோஃபெனோன் போட்ட குழாய் ஒன்று வையுங்கள். அது ஏ2 ஆல்ஃபாவை அடைக்கும். மிஞ்சுவது எவ்வளவு என்று பாருங்கள்.

சேண்பாக்கம் அக்கா

இரண்டாவதுக்கு நான் சொல்கிறேன். பிளாஸ்மாவில் சோடியம் அராக்கிடோனேட் 0.5 மில்லிமோலார் போட்டால் வெட்டும் படியைத் தாண்டி நேராகக் காக்ஸுக்கு உணவு கொடுக்கிறாய். திரண்டால் காக்ஸ், த்ராம்பாக்சேன் சிந்தேஸ், த்ராம்பாக்சேன் ஏற்பி மூன்றும் நலம். திரளாவிட்டால் முதலில் ஆஸ்பிரினைச் சந்தேகி. அராக்கிடோனேட்டுக்கு நன்றாகத் திரண்டு, குறைந்த கொலாஜனுக்குத் த்ராம்பாக்சேன் செய்யாத தட்டணு என்றால் கோளாறு வெட்டும் படியில் அல்லது அதற்கு முன்னால்.

எச்சரிக்கை ஒன்று: கழுவிய தட்டணுவில் ஆல்புமின் இல்லை, அங்கே 0.5 மில்லிமோலார் சோப்பு மாதிரி வேலை செய்து தட்டணுவையே சிதைத்துவிடும். ஒளி கடப்பது ஏறும், திரட்சி என்று ஏமாந்துபோவாய். அங்கே மைக்ரோமோலாரில் தொடங்கு. ஆஸ்பிரின் போட்ட தட்டணுவிலும் கோடு ஏறினால் அது சிதைவு. மேலே தெளிந்த நீரில் எல்.டி.எச். (செல் உடைந்தால் வெளிவரும் நொதி) பார்த்தால் உறுதியாகும். அராக்கிடோனேட் குப்பி மஞ்சளாகியிருந்தால் தூக்கிப் போடு. நைட்ரஜன் ஊதி, இருட்டில், மைனஸ் 80-இல், ஒருமுறைக்கான பங்குகளாக வை.

ஆற்காடு லிப்பிட்

கதிரியக்க அராக்கிடோனேட் ஏற்றிச் செய்யலாமா என்று அடுத்து கேட்பீர்கள் என்பதால் முன்கூட்டியே. அதற்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி பெற்ற கூடம் வேண்டும், நிறுவனத்தின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலரிடம் முதலில் பேசுங்கள். அதைவிட முக்கியம், ஏற்றிய அமிலம் முதலில் பெரும்பாலும் கோலின் லிப்பிடில்தான் போய் உட்காரும், எத்தனோலமீன் பிளாஸ்மலோஜனில் மெதுவாகத்தான் ஏறும். ஆகவே கதிரியக்கத்தில் 10 சதவீதம் கழன்றது என்றால் மொத்த அமிலத்தில் 10 சதவீதம் என்று பொருள் ஆகாது.

கதிரியக்கம் இல்லாமல் டியூட்டீரியம் அமிலத்தை ஏற்றுவது நல்ல மாற்று. அப்படிச் செய்யும்போது தட்டணுவில் டி8 ஏற்றிவிட்டு, நிறுத்தும் மெத்தனாலிலும் டி8 ஸ்டாண்டர்டைப் போட்டுவிட்டால் எது தட்டணு விட்டது, எது நீங்கள் போட்டது என்று எந்தக் கருவியும் பிரிக்காது. ஏற்றுவது டி8 என்றால் ஸ்டாண்டர்டு டி11 ஆக இருக்கட்டும். 12-ஹெட்டியின் டி8 ஸ்டாண்டர்டுக்கும் இதே சிக்கல் வரும், ஏனென்றால் ஏற்றிய அமிலத்திலிருந்து தட்டணுவே டியூட்டீரியம் 12-ஹெட்டியைச் செய்யும். அந்தக் குழாய்களுக்கு 12-ஹெட்டி ஸ்டாண்டர்டை மாற்றி, தட்டணு மிகக் குறைவாகவே செய்யும் 15-ஹெட்டியின் டியூட்டீரியம் வடிவத்தைப் போடுங்கள், இரண்டும் நிரலில் தனித்தனியாகப் பிரிகின்றனவா என்று முதலில் தூய பொருளை வைத்துப் பார்த்துவிட்டு.